புரோகிராம் அங்கே, திரை இங்கே

மேலூர் பக்கம் ஒரு பள்ளி லேப் என்று வைத்துக்கொள்வோம். 1 ஜிபி ராம் உள்ள பத்து பழைய கம்ப்யூட்டர்கள். பிரவுசரைத் திறந்தாலே மூச்சு வாங்கும். அவற்றைக் காயலான் கடைக்குப் போடத் தேவையில்லை. 16 ஜிபி ராமோடு நல்ல மெஷின் ஒன்றை வாங்கி, புரோகிராம்களையெல்லாம் அதில் ஓடவிடலாம். பழையவை வெறும் திரை, கீபோர்டு, மவுஸ். லினக்ஸ், யூனிக்ஸ் உலகில் இது பழைய பழக்கம். இதற்கு அடிப்படையான, திரையில் விண்டோக்களை வரையும் எக்ஸ் விண்டோ சிஸ்டம் (சுருக்கமாக எக்ஸ்) 1984-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது; இன்றும் புழங்கும் 11-ஆம் பதிப்பு 1987-இல் வந்தது.

எக்ஸ் கணக்கில் சர்வர், அதாவது கேட்டதைச் செய்துகொடுப்பது, மேஜைமேல் இருக்கும் பழைய மெஷின்தான். திரை அதன் வசம். தூரத்தில் ஓடும் புரோகிராம் அதைத் தேடி வந்து, ‘இங்கே ஒரு விண்டோ போடு, இந்த எழுத்தை வரை’ என்று கேட்கும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

பெரிய மெஷினில் லாகின் திரை காட்டும் லைட்டிடிஎம் (LightDM) இருந்தால், அதன் கான்ஃபிக் ஃபைலில் எக்ஸ்டிஎம்சிபி சர்வர் (XDMCPServer, தூரத்து மெஷினுக்கு லாகின் திரை தருவது) பகுதியில் ‘எனேபிள்ட்’ (enabled) என்பதை ‘ட்ரூ’ (true) ஆக்கி, லைட்டிடிஎம்மை மறுபடி தொடங்குங்கள். பழைய மெஷினில் டெஸ்க்டாப் எதுவும் இல்லாத சின்ன லினக்ஸ் போதும். அதில் எக்ஸை ‘-குவெரி’யும் (-query) பெரிய மெஷினின் ஐபி முகவரியும் கொடுத்துக் கிளப்பினால் லாகின் திரை வரவேண்டும்.

பெரும்பாலும் வராது! வெறும் திரையும் மவுஸ் கர்சரும் மட்டும் நிற்கும். பழைய மெஷின் அனுப்பும் அழைப்பு பெரிய மெஷினின் யுடிபி 177-ஆம் போர்ட்டுக்கு (நெட்வொர்க் இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) போகிறது; யுடிபி, டிசிபி இரண்டும் தகவல் அனுப்பும் முறைகள். ஆனால் படம் வரைய வரும் இணைப்பு எதிர்த்திசையில், பழைய மெஷினின் டிசிபி 6000-ஆம் போர்ட்டுக்கு வருகிறது. அங்கே வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் மறித்தால் கதை முடிந்தது. தவிர, லினக்ஸில் வழக்கமாக இருக்கும் எக்ஸ் சர்வரான எக்ஸ்.ஆர்க்கின் 1.17 பதிப்பு முதல் அந்தப் போர்ட் இயல்பாகவே மூடியிருக்கும். ‘-லிசன் டிசிபி’ (-listen tcp) என்று சேர்த்தால்தான் திறக்கும். இந்த வழியில் பாஸ்வேர்டு உட்பட எதுவும் மறையாக்கம் ஆவதில்லை, நடுவில் யாரும் படிக்கலாம். எனவே லேப் கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சைத் தாண்டி வெளியே விடக்கூடாது.

தமிழ் ஃபான்ட், தமிழ்99 விசைப்பலகை இரண்டையும் பெரிய மெஷினில் போட்டால் போதும். இன்றைய புரோகிராம்கள் எழுத்தின் வடிவத்தைத் தாங்களே தயாரித்து அனுப்புகின்றன. பென் டிரைவ் கதை வேறு. மாணவர் அதைச் செருகுவது பழைய மெஷினில், ஃபைலைத் தேடுவது பெரிய மெஷினில், கிடைக்காது. ஒலியும் எக்ஸ் வழியாக வராது.

வீடியோ பார்க்கும் ஆசையை விட்டுவிடலாம். 1024×768 திரையில் புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு முழுப்படம் சுமார் 3 எம்பி. 100 எம்பிபிஎஸ் சுவிட்ச் நொடிக்குத் தரக்கூடியது அதிகபட்சம் 12.5 எம்பி, அதாவது நான்கு படம்.

லேபுக்கு வெளியே, மதுரையிலிருந்து சென்னை மெஷினைப் பிடிக்கவேண்டுமென்றால் மறையாக்கத்தோடு தூரத்து மெஷினில் நுழையும் எஸ்எஸ்எச்-இன் ‘-எக்ஸ்’ (பெரிய எழுத்து X) பாதுகாப்பானது. உள்ளே போனதும், எந்தத் திரையில் வரையவேண்டும் என்று சொல்லும் டிஸ்ப்ளே மாறியில் (DISPLAY) ‘லோக்கல்ஹோஸ்ட்:10.0’ என்பதுபோல் வந்திருக்கிறதா பாருங்கள். காலியாக இருந்தால் சென்னை மெஷினில் எக்ஸ்11 ஃபார்வர்டிங் (எக்ஸ் இணைப்பை எஸ்எஸ்எச் வழியே அனுப்பும் வசதி) அணைந்திருக்கிறது, அல்லது அதற்கு அனுமதிச் சாவி வைக்கும் எக்ஸ்ஆத் (xauth) இல்லை. வேகம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு கேள்வி போய்ப் பதில் வர 30 மில்லிசெகண்ட் என்றால், விண்டோ திறக்கும்முன் 200 கேள்வி கேட்கும் புரோகிராம் 6 நொடி தின்றுவிடும். அதிக எம்பிபிஎஸ் வாங்கினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது.

கரண்ட் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய மெஷினுக்கு மட்டும் யுபிஎஸ் வைத்தால் வேலை பிழைக்கும் என்று நினைப்பு. பிழைக்காது. பழைய மெஷின் அணைந்தால் எக்ஸ் சர்வரே செத்தது. இணைப்பு அறுந்தது தெரிந்ததும் புரோகிராம்கள் மூடிக்கொள்ளும், சேமிக்காதது போகும். அடிக்கடி கரண்ட் போகும் ஊருக்கு விஎன்சி (VNC) என்ற வேறு முறை மேல். அதில் முழு டெஸ்க்டாப்பும் பெரிய மெஷினிலேயே உயிரோடு இருக்கும், திரையின் படம் மட்டும் இங்கே வரும். கரண்ட் வந்ததும் மறுபடி 5901-ஆம் போர்ட்டில் இணைந்தால், பாதியில் நின்ற வரி அப்படியே இருக்கும். பெரிய மெஷினின் யுபிஎஸ் மட்டும் அதுவரை தாக்குப்பிடிக்கவேண்டும்.