இறக்குமதி: கப்பலில் நின்று பார்த்த சொல்

மண்ணடி லிங்கிச் செட்டித் தெருவில் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களில் நாள் முழுக்கப் புழங்குவது 'இம்போர்ட்'தான். ஆனால் துறைமுகத்தில் இருக்கும் பையனுக்கு போன் போட்டால் கேள்வி தமிழாகிவிடும்: "சரக்கு இறங்கிடுச்சா?" இறக்குமதி என்ற சொல்லுக்கு உயிர் அந்த 'இறங்கு'தலில்தான்.

பின்னால் ஒட்டியிருக்கும் 'மதி' நிலாவும் இல்லை, அறிவும் இல்லை. வினையைப் பெயராக்கும் ஒட்டு. தெலுங்கில் திகுமதி, எகுமதி என்று இதே ஜோடி உண்டு. இலங்கைத் தமிழர் இந்த ஒட்டை நம்மைவிட நன்றாக வேலை வாங்குகிறார்கள்: வரவேண்டிய பணம் வருமதி, செலுத்த வேண்டியது சென்மதி. அனுமதி, வெகுமதியில் இருப்பது வேறு மதி. அவை வடமொழியிலிருந்து முழுச் சொல்லாகவே வந்தவை.

ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு 'உள்ளே சுமந்து வருதல்' என்று பொருள். அது எல்லையில் நிற்பவனின் பார்வை. தமிழ்ச் சொல்லோ கப்பல் தட்டில் நின்று கீழே பார்க்கிறது. வேடிக்கை என்னவென்றால், காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை கரையில் நின்று பார்க்கிறது. அங்கே கடல்வழி வந்த பண்டத்தை 'நிலத்து ஏற்ற'த்தான் செய்கிறார்கள்! நாம் இறக்குமதி என்பது அந்தப் புலவருக்கு ஏற்றுவது.

சென்னைக்கு இறக்குவதே பொருத்தம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டும்வரை கப்பல்கள் தள்ளியே நங்கூரமிட்டன. சரக்கைக் கப்பலிலிருந்து மசூலா படகுக்கு ஒருமுறை, அலை தாண்டி வந்து படகிலிருந்து மணலுக்கு இன்னொருமுறை இறக்க வேண்டும்.

சரி, பொருளியல் கட்டுரைகளில் ஏன் 'சரக்கு இறக்குமதி' என்று அடைமொழி போடுகிறார்கள்? கொழும்பு நிறுவனம் சென்னையில் மென்பொருள் வேலை வாங்கினால் அதுவும் இறக்குமதிதான். ஆனால் எதுவும் இறங்குவதில்லை. அது சேவைக் கணக்கில் போய்விடும். சென்னையில் 'சரக்கு' என்றாலே கண்ணடிப்பவர்கள் உண்டு என்பதால் 'பண்ட இறக்குமதி' என்றும் எழுதலாம். எனக்குச் சரக்கே போதும்.

இரண்டு சிறிய பொருளாதாரங்களை ஆண்டுவாரியாக ஒப்பிடும்போதுதான் சொல்லின் பொருளைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. இலங்கையின் சரக்கு இறக்குமதி 2021இல் சுமார் 2,060 கோடி டாலர், 2022இல் சுமார் 1,830 கோடி. மாலத்தீவின் கோடு அதற்கு முன்பே, 2020இல், சரிந்தது. வரைபடத்தில் இரண்டு சரிவும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் இலங்கையில் வாங்க ஆள் இருந்தும் டாலர் இல்லை; அந்நியச் செலாவணி தீர்ந்து, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதையே நிறுத்தினார்கள். மாலத்தீவிலோ சாப்பிட ஆள் இல்லை. 2020 மார்ச் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதிவரை சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவு சாத்தியிருந்தது.

அப்புறம், தலைக்கு எவ்வளவு என்று வகுக்கிற பழக்கம். 2022 கணக்கெடுப்பில் மாலத்தீவில் இருந்தவர்கள் சுமார் 5.15 லட்சம் பேர்; 2019இல் மட்டும் அங்கே வந்த பயணிகள் சுமார் 17 லட்சம். ரிசார்ட்டில் அவர்கள் தின்னும் தக்காளியும் உள்ளூர்க்காரர் தலையில்தான் எழுதப்படுகிறது. இலங்கையோடு நேராக வைத்துப் பார்த்தால் மாலத்தீவுக்காரர் பெருந்தீனிக்காரராகத் தெரிவார்.

அந்தத் தக்காளி தூத்துக்குடித் தோணியில் போயிருந்தால் அதற்கு இரண்டு விலை. இங்கே ஏற்றுமதிக் கணக்கில் தோணியில் ஏற்றும்வரை ஆன விலை. அங்கே இறக்குமதிக் கணக்கில் அதோடு கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த விலை. ஏற்றியதும் இறக்கியதும் ஒரே கூடைதான்.