அறையைப் பார்க்கும் முன் படிக்கட்டைப் பாருங்கள்

விடுமுறைக்கு இரண்டு மூன்று நாள் டெல்லிக்கோ கொல்கத்தாவுக்கோ போகிறவர்கள் விடுதி தேடும்போது பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் பார்க்கிறார்கள்: மெட்ரோ நிலையத்துக்கும் கடைவீதிக்கும் நடந்தே போய்வரும்படி ஊரின் நடுவில் இருக்க வேண்டும், அறை சுத்தமாகவும் வசதியாகவும் இருக்க வேண்டும். அதில் தவறில்லை, நானும் அப்படித்தான் தேடுகிறேன். ஆனால் கட்டடங்களில் தீ பாதுகாப்புத் தணிக்கை செய்வது என் தொழில் என்பதால், இந்த இரண்டு வசதிகளுமே ஆபத்தாக மாறிய விடுதிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஊரின் நடுவில் மனை கிடைப்பது அரிது. அதனால் குடியிருப்பாகவோ கடையாகவோ கட்டப்பட்டவை பின்னாளில் மாடி மேல் மாடியாக உயர்ந்து விடுதிகளாகின்றன. கீழே கடை, அதற்கும் கீழே கிடங்கு, முன்னால் தீயணைப்பு ஏணி வண்டி திரும்ப முடியாத சந்து என்பதே பல இடங்களில் நிலைமை. 2022 செப்டம்பர் 12 அன்று செகந்திராபாத்தில், விடுதி இருந்த கட்டடத்தின் கீழே இயங்கிய மின்சார ஸ்கூட்டர் விற்பனையகத்தில் தீப்பிடித்தது. புகை படிக்கட்டு வழியாக மேலேறியதில் 8 பேர் இறந்தனர்.

வசதிக்காகச் செய்யும் அலங்காரமும் இப்படித்தான். டெல்லி கரோல் பாக்கில் 2019 பிப்ரவரி 12 விடியலுக்கு முன் நேர்ந்த விடுதித் தீயில் 17 பேர் இறந்தார்கள்; நடைவழிச் சுவர்களில் பதித்திருந்த மரப்பலகைகள் தீ விரைந்து பரவ இடம் கொடுத்தன. கொல்கத்தா படாபஜாரில் 2025 ஏப்ரல் 29 அன்று விடுதித் தீயில் இறந்த 14 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது மூச்சுத் திணறல்தான். தீ நம்மைத் தொடும் முன்பே புகை வந்துவிடும் என்பதைப் பலர் உணர்வதில்லை. ஃபோம் மெத்தையும் திரைச்சீலையும் தரைவிரிப்பும் எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் கலந்து வரும். அடர்ந்த புகையைச் சில மூச்சு இழுத்தாலே நினைவு தடுமாறும். சத்தமும் தூசியும் வராமலிருக்கத் திறக்க முடியாத கண்ணாடி போட்டு அடைத்த சன்னல், அந்த நேரத்தில் அறையைப் பெட்டியாக்கிவிடுகிறது.

ஒருமுறை, ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு விடுதியைத் தணிக்கை செய்யப் போயிருந்தேன். பளிங்குத் தரை, வாசனை, பணிவான ஊழியர்கள் என்று குறை சொல்ல எதுவுமில்லை. மூன்றாம் மாடி நடைவழியின் கோடியில், பச்சை விளக்கில் ‘வெளியேறும் வழி’ என்று எழுதியிருந்த கதவைத் தள்ளினேன். அரை அடிக்கு மேல் திறக்கவில்லை. உள்ளே படிக்கட்டு முழுவதும் பழைய மெத்தைகள், சலவைத் துணி மூட்டைகள், கீழ்ப்படியில் இரண்டு கேஸ் சிலிண்டர்கள். “வேற எங்க சார் வைக்கிறது?” என்று மேலாளர் கேட்டார். இடநெருக்கடி உண்மைதான். ஆனால் அன்றிரவு அந்த மாடியில் குழந்தைகளோடு மூன்று குடும்பங்கள் தங்கியிருந்தன.

ஆகவே முன்பதிவுக்கு முன் விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்து, இறங்க எத்தனை படிக்கட்டு வழிகள், சன்னல் திறக்குமா, கீழே என்ன கடை என்று கேளுங்கள். தயங்கித் தயங்கிப் பதில் சொன்னால் வேறு விடுதியைப் பாருங்கள். உயரத்திலிருந்து தெரியும் காட்சிக்கு ஆசைப்படாமல் இரண்டாம் மாடி முதல் ஐந்தாம் மாடிக்குள் அறை கேட்பது நல்லது. சாவி கைக்கு வந்ததும், பெட்டியைத் திறப்பதற்கு முன், அவசர வழிக்கு உங்கள் அறையிலிருந்து எத்தனை கதவுகள் என்று எண்ணுங்கள். புகையில் கண் தெரியாது, சுவரைத் தடவிக்கொண்டு எண்ணித்தான் போக வேண்டியிருக்கும். எண்ணியதோடு விடாமல் அந்தக் கதவைத் திறந்து ஒரு மாடியாவது இறங்கிப் பாருங்கள். இரவில் சாவி, கைப்பேசி, செருப்பு மூன்றும் கட்டிலருகே இருக்கட்டும்.

எச்சரிக்கை மணி கேட்டால் புறங்கையால் கதவைத் தொட்டுப் பாருங்கள். சுடாவிட்டால் மெல்லத் திறந்து, குனிந்தபடி படிக்கட்டுக்குப் போங்கள். லிஃப்ட் வேண்டவே வேண்டாம். கதவு சுட்டாலோ வெளியே புகை மண்டியிருந்தாலோ உள்ளேயே இருந்து, ஏசியை நிறுத்தி, கதவிடுக்கை ஈரத் துண்டால் அடைத்து, 112-ஐ அழைத்து மாடியையும் அறை எண்ணையும் சொல்லுங்கள்.

சென்ற ஆண்டு நாங்கள் குடும்பத்தோடு போய்த் தங்கிய ஒரு விடுதியில் பின்படிக்கட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். சாவி உரிமையாளர் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். இரவு ஒன்பது மணிக்கு, ஒரு நாள் வாடகையை விட்டுவிட்டு, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி வேறு விடுதிக்குப் போனோம். அங்கே நான் படிவத்தை நிரப்பிவிட்டு அறைக்கு வருவதற்குள் என் மகள் நடைவழியின் கோடி வரை போய்த் திரும்பியிருந்தாள். “ஆறாவது கதவுப்பா. திறந்து பாத்துட்டேன், கீழ வரைக்கும் வழி இருக்கு” என்றாள்.