குருத்துக்குள் நீந்தி வரும் எமன்

மற்ற ஓலையெல்லாம் பச்சையாக நிற்க, நடுக்குருத்து மட்டும் வெளிறிச் சாய்ந்தால், குமரி மாவட்டத்துக் கல்குளம், விளவங்கோடு பக்கத்துத் தென்னை விவசாயிக்கு விஷயம் புரிந்துவிடும். பிடித்து இழுத்தால் குருத்து கையோடு வரும். அடி கூழாகியிருக்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். மாமரத்தில் ஒரு கிளை போனால் இன்னொன்று உண்டு. தென்னைக்கும் பனைக்கும் வளர்முனை ஒன்றே ஒன்றுதான். அது அழுகிவிட்டால், பழைய ஓலைகள் சில மாதம் பச்சையாக நின்றாலும் மரம் முடிந்த கணக்கு.

இந்தக் குருத்தழுகலுக்குக் காரணமான உயிரை முதலில் விவரித்தவர் எட்வின் ஜான் பட்லர். 1874-இல் அயர்லாந்தில் பிறந்து, மருத்துவப் பட்டம் வாங்கியவர். ஆனால் மனசு போனதோ தண்ணீரில் வாழும் பூஞ்சைகளின் பக்கம். 1901-இல் இந்தியா வந்து, பிறகு பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். அந்தக் காலத்தில் கோதாவரி டெல்டாவில் பனைகள் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. அழுகிய பனங்குருத்தில் கண்ட உயிருக்கு 1907-இல் பித்தியம் பால்மிவோரம் என்று பெயர் வைத்தார். 1919-இல் அவரே அதைப் பைட்டோப்தோரா என்ற பேரினத்துக்கு மாற்றினார்.

வெறும் பெயர் விவகாரமாகத் தோன்றும். ஆனால் அந்த மாற்றத்தின் அடியில் இருப்பது அந்த உயிர் எப்படிப் பரவுகிறது என்ற கேள்வி. இந்த வகை உயிர்கள் எல்லாம் சிறிய வித்துப்பைகளை உண்டாக்கும். பித்தியத்தில் பையின் சரக்கு முதலில் வெளியே ஒரு மெல்லிய குமிழுக்குள் வழிந்து, அங்கேதான் தனித்தனி வித்துகளாகப் பிரியும். பைட்டோப்தோராவிலோ பைக்குள்ளேயே வித்துகள் தயாராகி, வாய் திறந்ததும் நீந்திப் புறப்படும். தண்ணீர்ப் பூஞ்சைகளில் ஊறிய கண்ணுக்குத்தான் இப்படிப்பட்ட வேறுபாடு பிடிபடும்.

நீந்தும் வித்துக்கு இரண்டு இழைகள் உண்டு, செல்சுவர் கிடையாது. ஓலைமேல் படிந்த மெல்லிய நீர்ப்படலமே அதற்குக் கடல். நீந்திப் போய் ஓரிடத்தில் ஒட்டி, இழைகளை உதிர்த்து, சுவர் கட்டிக்கொண்டு, முளைக்குழாய் நீட்டித் திசுவுக்குள் இறங்கும். காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்து வைத்திருந்தால் வேலை இன்னும் சுலபம். குளிர்ந்த மழைநீர் பட்டால் வித்துப்பைகள் சீக்கிரமே திறந்துகொள்ளும். குமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி என்ற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. இந்த உயிருக்கு வருஷத்தில் இரண்டு திருவிழா.

இன்னொரு சங்கதி. பழக்கத்தில் பூஞ்சை என்றாலும் இது உண்மையான பூஞ்சை அல்ல. பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் என்ற பொருள் இருக்கும். இதன் சுவரில் இருப்பது செல்லுலோஸும் அதுபோன்ற பொருள்களும். முட்டத்துப் பாறைகளில் ஒட்டிக்கிடக்கும் பழுப்புக் கடற்பாசிதான் இதற்கு நெருங்கிய உறவு, காளான் அல்ல. பூஞ்சைகள் தங்கள் செல்சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருளைத் தயாரிக்கும். டிரையசோல் வகை மருந்துகள் அந்தத் தயாரிப்பில்தான் கைவைக்கின்றன. பைட்டோப்தோரா அதைத் தயாரிப்பதே இல்லை. ‘பூஞ்சைக்கு’ என்று கேட்டு வாங்கும் மருந்து பல நேரம் பலிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம்.

பலிப்பது பழைய போர்டோ கலவை. ஒரு கிலோ மயில்துத்தம் (செம்பு சல்பேட்), ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும். இரும்புக் கத்தியை முக்கிப் பார்த்து, செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். செம்பு கொல்வது ஓலைமேல் இருக்கும் வித்துகளையும் அப்போதுதான் முளைப்பவற்றையும். திசுவுக்குள் இறங்கிவிட்டதை அது தொடாது. ஆகவே மருந்து மழைக்கு முந்த வேண்டும். மழை விட்டதும் ஏணி எடுத்துக்கொண்டு போகிறவர், என் பார்வையில், துத்தத்தைத்தான் வீணடிக்கிறார். ஆரம்பத்திலேயே கண்டுவிட்டால் மட்டும் அழுகியதைச் சுரண்டி எடுத்து, பத்து சதவீதப் போர்டோ பசையைப் பூசி, மழை இறங்காமல் மூடி வைத்து மரத்தைக் காப்பாற்றலாம்.

குலசேகரம், கீரிப்பாறை பக்கத்து ரப்பரிலும் இதே குடும்பத்தின் கைவரிசை உண்டு. தென்னிந்திய ரப்பரைத் தாக்கும் பைட்டோப்தோரா மீடியை என்ற இனத்தை 1918-இல் விவரித்தவர் வில்லியம் மெக்ரே. மழையில் முதலில் காய் அழுகும், பிறகு இலைகள் பச்சையாகவே உதிரும். உதிர்ந்த இலையின் காம்பில் கறுத்த புண்ணும், அதன் நடுவே உறைந்த ஒரு சொட்டு ரப்பர் பாலும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அங்கேயும் செம்பு மருந்தை எண்ணெயில் கலந்து பருவமழைக்கு முன்னரே அடிக்கிறார்கள்.

கோதாவரியில் அன்று கையாண்ட வழி செத்த பனைகளின் மண்டையை வெட்டி எரிப்பது. அழுகிய திசுவில் தடித்த சுவருள்ள வித்துகள் அடுத்த மழை வரை உயிரோடு காத்திருக்கும் என்பதால் இன்றும் அதுதான் வழி. சிக்கல் என்னவென்றால், மரம் பக்கத்து விளையில் நிற்கும், உடையவர் வளைகுடாவில் இருப்பார். அவருக்கு போன் போட்டு, வெட்டச் சம்மதம் வாங்கி, ஆளும் பிடிப்பதற்குள் சாரல் தொடங்கிவிடும்.