ஜூமும் டிராலியும் ஒன்றல்ல

ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒரு கட்டைவிரலை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். இன்னொன்றைக் கை நீட்டிய தூரத்தில், முன்விரலுக்குப் பின்னே மறையும்படி நிறுத்துங்கள். தலையை ஆட்டாமல் விழியை மட்டும் இப்படியும் அப்படியும் உருட்டினால் பின்விரல் மறைந்தேதான் கிடக்கும். அப்புறம் தலையை இரண்டு அங்குலம் பக்கவாட்டில் நகர்த்துங்கள். பின்விரல் எட்டிப் பார்க்கும்.

கேமரா அசைவுகளுக்குப் பெயர்கள் எத்தனையோ இருந்தாலும், அடிப்படையில் வகை இந்த இரண்டுதான். நின்ற இடத்திலேயே திரும்புவது ஒன்று, இடம்பெயர்வது இன்னொன்று. ட்ரைபாட் மேல் இடவலமாகத் திரும்பினால் பேன். அண்ணாந்தோ குனிந்தோ பார்த்தால் டில்ட். தண்டவாளம் போட்டு டிராலியில் உருட்டினால் டிராக் ஷாட், கிரேனில் ஏற்றினால் கிரேன் ஷாட். திரும்பும் கேமராவுக்கு எந்தப் பொருள் எதை மறைக்கிறது என்பது மாறுவதில்லை. நகரும் கேமராவுக்கு நொடிக்கு நொடி மாறுகிறது. கிட்டே இருப்பது வேகமாகவும் தொலைவில் இருப்பது மெதுவாகவும் நழுவுகிறது. தட்டையான திரையில் நமக்கு ஆழம் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். 1896இலேயே லூமியேர் நிறுவனத்தின் ஒளிப்பதிவாளர் அலெக்சாந்தர் புரோமியோ, வெனிஸில் ஒரு படகில் கேமராவை வைத்துக் கரையைப் படம்பிடித்தார். குலுங்காத டிராலி, தண்ணீரிலேயே கிடைத்துவிட்டது!

ஜூம் இந்த இரண்டிலும் சேராது. கேமரா திரும்பவும் இல்லை, நகரவும் இல்லை. லென்ஸுக்குள் கண்ணாடிகள் இடம் மாறிக் குவியத்தூரம் (லென்ஸ் எவ்வளவு பெரிதாக்கிக் காட்டும் என்பதைச் சொல்லும் மி.மீ. கணக்கு) கூடுகிறது, அவ்வளவுதான். எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கினால் பொருள்களின் அளவு விகிதம் எப்படி இருக்குமோ, ஜூமிலும் அப்படியே இருக்கும்.

குளோஸ்-அப் எடுக்கும்போது இது முக்கியம். முகத்துக்கு 30 செ.மீ. முன்னால் கேமரா இருக்கிறது என்று வையுங்கள். மூக்கு நுனியைவிடக் காது சுமார் 10 செ.மீ. பின்னால் இருக்கும். 40க்கு 30 என்ற கணக்கில், காதோடு ஒப்பிட்டால் மூக்கு மூன்றில் ஒரு பங்கு பெருத்துத் தெரியும். ஒன்றரை மீட்டர் பின்னால் போய் ஜூம் செய்தால் அந்தப் பெருக்கம் 7 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். செல்ஃபியில் மூக்கு பெரிதாவதற்கு லென்ஸைத் திட்டிப் பயனில்லை. நம் கை நீளம் அவ்வளவுதான்.

சரி, இரண்டையும் ஒரே நேரத்தில், எதிரெதிராகச் செய்தால்? 50 மி.மீ. லென்ஸோடு 2 மீட்டரில் நிற்கிறோம். 1 மீட்டருக்கு நகர்ந்துகொண்டே 25 மி.மீ.க்கு ஜூமை விரிக்கிறோம். முகம் அதே அளவில் நிற்கும். ஆனால் முகத்துக்கு 10 மீட்டர் பின்னால் இருக்கும் கதவு ஏறக்குறைய பாதியாகச் சுருங்கிவிடும். ஆள் அசையவில்லை, அறை மட்டும் பின்வாங்கி ஓடுகிறது! ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' (1958) படத்தில் உயரத்தைக் கண்டு தலைசுற்றுவதைக் காட்ட இந்த உத்திதான் பயன்பட்டது. அதில் தெரியும் மாடிப்படிக் கிணறு, பக்கவாட்டில் படுக்கவைத்து எடுத்த சிறு மாதிரி. நம் மூளைக்கு இப்படி ஒரு காட்சி பழக்கமே இல்லை. வயிற்றைப் புரட்டுவதில் வியப்பில்லை.

பேன் பார்க்க எளிது, கெடுப்பதும் எளிது. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம்தான், அதாவது 24 தனித்தனிப் படங்கள். 12 மீட்டர் அகலத் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரு கம்பம் ஒரே நொடியில் போகும்படி பேன் செய்தால், ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அது அரை மீட்டர் தாவும். கண்ணுக்கு அது ஓட்டமாகத் தெரியாது, வெட்டி வெட்டித் தெரியும். அதனால்தான் ஒரு பொருள் திரையைக் கடக்க 7 நொடியாவது ஆகட்டும் என்று ஒளிப்பதிவாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்போது தாவல் 7 செ.மீ.தான். இல்லாவிட்டால் இதற்கு நேர்மாறாகச் செய்துவிட வேண்டும்: ஒன்றுமே தெரியாதபடி சரேலென்று திருப்பி, ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்கு மாறும் வெட்டை அந்த மங்கலுக்குள் ஒளித்துவிடுவது. விப் பேன் என்பது அதுதான்.

கையில் பிடித்து எடுத்தால் குலுங்குகிறதே, அதிலும் பெரிய குற்றவாளி திரும்பல்தான். கேமரா சில மில்லிமீட்டர் நகர்ந்தால் தொலைவில் இருப்பது அசையவே அசையாது. ஆனால் அரை டிகிரி திரும்பினால் மொத்தப் படமும் துள்ளும். ஜூம் செய்திருந்தால் இன்னும் மோசம். காரெட் பிரவுன் உருவாக்கி, 1976இல் திரைக்கு வந்த ஸ்டெடிகேம் என்ற, உடலில் மாட்டிக்கொள்ளும் கேமரா தாங்கி இந்தத் திரும்பலைத்தான் பிடித்து நிறுத்துகிறது. ஒரு கம்பத்தின் மேல்முனையில் கேமரா, கீழ்முனையில் மானிட்டரும் பேட்டரியும். எடையை மையத்திலிருந்து இருமடங்கு தள்ளி வைத்தால், திரும்ப மறுக்கும் குணம் நான்கு மடங்காகும். கம்பிமேல் நடப்பவர் நீளக் கழியைப் பிடிப்பதும் இதற்காகத்தான். நடையின் ஏற்ற இறக்கத்தை ஸ்பிரிங் கை வாங்கிக்கொள்கிறது. எடையைச் சுமப்பது இடுப்பும் தோளும். ஈர்ப்பு மையத்துக்குப் பக்கத்தில் கம்பத்தைத் தொட்டுத் திசை காட்ட இரண்டு மூன்று விரல் போதும்; அழுத்திப் பிடித்தால் குலுக்கல் திரும்ப வந்துவிடும்.