ஊர் வரை ஃபைபர் வந்தாச்சு, வீட்டில் ஏன் சிவப்பு விளக்கு?

2011இல் ஒப்புதல் பெற்ற தேசியக் கண்ணாடி இழைத் திட்டம்தான் இன்றைய பாரத்நெட். தமிழ்நாட்டில் மாநில அரசின் டான்பிநெட் நிறுவனம் மூலம் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோவது அதன் இலக்கு. பேச்செல்லாம் ஊராட்சி அலுவலகம் வரை வரும் கேபிளைப் பற்றியே இருக்கிறது. ஆனால் கிராமத்து இணைப்புகள் பெரும்பாலும் கெடுவது அதற்குப் பிறகு, வீட்டுச் சுவர் வரையிலான கடைசித் தொலைவில்தான்.

இணைப்பு எடுக்கும்போது எத்தனை எம்பிபிஎஸ் என்று கேட்கிறோம், எத்தனை டிபிஎம் என்று கேட்பதில்லை. ஃபைபர் வந்து முடியும், வீட்டில் வைக்கும் ஓஎன்டி பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது. மைனஸில் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. மைனஸ் 15க்கும் மைனஸ் 24க்கும் இடையில் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐ நெருங்கினால் இணைப்பு விட்டுவிட்டு வரும். அதையும் தாண்டினால் பெரும்பாலான பெட்டிகளுக்குக் கண் தெரியாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இணைய நிறுவனத்தின் பக்கத்தில் ஒளியை அனுப்பும் கருவியான ஓஎல்டியிலிருந்து பிளஸ் 3 டிபிஎம் ஒளி கிளம்புகிறது. வழியில், ஒளியைப் பல இழைகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர்களில் இழப்பு உண்டு, அதை டிபியில் அளப்பார்கள். ஒரு நான்கு வழி ஸ்பிளிட்டரில் சுமார் 7 டிபி, ஓர் எட்டு வழி ஸ்பிளிட்டரில் 10.5 டிபி போகும். 6 கிலோமீட்டர் இழைக்கு 1.5, இழைகளை உருக்கி ஒட்டிய எட்டு ஸ்பிளைஸ்களுக்கு 0.8, நான்கு கனெக்டர்களுக்கு 1.6. மொத்த இழப்பு 21.4. வீட்டுக்கு வருவது மைனஸ் 18.4. நல்ல இணைப்பு.

பிறகு பக்கத்துத் தெருவில் இரண்டு வீடு கூடுதலாகக் கேட்கிறது. புதுக் கேபிள் இழுக்காமல், இருக்கிற இழையிலேயே இரண்டு வழி ஸ்பிளிட்டர் ஒன்றைச் செருகிவிடுகிறார்கள். 3.5 டிபி போய்விடும். ஒவ்வொரு 3 டிபிக்கும் ஒளி பாதியாகிறது என்பதை மறக்கக் கூடாது. அடுத்து, ஸ்பிளைசிங் மெஷின் இல்லாமல் கையால் மாட்டும் கனெக்டர். அதன் உள்ளே இருக்கும் ஜெல் நம் வெயிலில் நாளடைவில் கெட்டு இழப்பு ஏறும். பச்சைக் கனெக்டரை நீலத்தில் செருகுவது இன்னொரு தவறு. பச்சையின் முனை சாய்வாக வெட்டப்பட்டது, நீலத்தின் முனை அப்படியல்ல. இரண்டும் ஒட்டாமல் இடைவெளி விழும். ஜன்னல் கதவில் நசுங்கிய கேபிள், ஆணியில் இறுக்கிக் கட்டிய வளைவு, அணில் கடித்த உறை என்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

ஆகவே இணைப்பு கொடுக்கும் அன்றே ஒளியை அளக்கும் பவர் மீட்டரை 1490 நானோமீட்டரில் (வீட்டுக்கு வரும் ஒளியின் அலைநீளம்) வைத்து அளக்கச் சொல்லுங்கள். வந்த எண்ணைத் தேதியோடு ஓஎன்டியின் அடியிலேயே எழுதி ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து மைனஸ் 19 என்பது மைனஸ் 25 ஆகியிருந்தால், யாரோ வழியில் கைவைத்திருக்கிறார்கள் அல்லது எங்கோ கேபிள் வளைந்திருக்கிறது என்று உடனே தெரியும். பல ஓஎன்டிகளில் அமைப்புப் பக்கத்திலேயே இந்த அளவு இருக்கும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் கேபிள் பலவற்றில் தாங்குவதற்காக எஃகுக் கம்பி ஓடுகிறது. ஃபைபரில் கரண்ட் வராது என்று நம்பி அதை மின்கம்பியைத் தாண்டி வீசி இழுப்பது உயிரைப் பறிக்கும். மின்கம்பி அருகே போகும் இடங்களில் உலோகமில்லாத கேபிள்தான் போட வேண்டும். வெட்டிய இழை முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் கண்ணைப் பாதிக்கக் கூடியது.

கரண்ட் போனால் நெட்டும் போகிறதா? ஓஎன்டிக்குப் பெரும்பாலும் 12 வோல்ட் போதும், 10 வாட் அளவில்தான் இழுக்கும். சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் ஒன்று இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டும். ஓஎல்டி இருக்கும் இடத்தில் பேட்டரி செத்திருந்தால் மட்டும் நம் யுபிஎஸ்ஸால் பயனில்லை, ஊர் முழுக்க சிவப்பு விளக்குதான்.

புகார் சொல்லும் முன் பெட்டியைப் பாருங்கள். எல்ஓஎஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை. பக்கத்து வீட்டிலும் அப்படியென்றால் கோளாறு மேலே, உங்கள் வீட்டில் மட்டும் என்றால் பெரும்பாலும் டிராப் கேபிளில். பான் (PON) விளக்கு நிற்காமல் மினுக்கினால் ஒளி பலவீனம் அல்லது ஓஎல்டியில் பெட்டி பதிவாகாத கோளாறு. பான் நிலையாக எரிந்தும் நெட் இல்லையென்றால் கேபிளைத் தொட வேண்டாம், பிரச்சினை லாகினில் அல்லது அதற்கு அப்பால். வேகம் குறைவு என்று சொல்லுமுன் வைஃபையை விட்டு லேன் வயரில் சோதியுங்கள். பிறகு, “நெட் வரவில்லை” என்று மட்டும் சொல்லாமல், “எல்ஓஎஸ் சிவப்பு, பக்கத்து வீட்டில் வேலை செய்கிறது, இணைப்பு கொடுத்த அன்று மைனஸ் 19” என்று சொல்லுங்கள். வருகிறவர் எந்தக் கம்பத்தில் ஏற வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டே வருவார்.