கொயிலோவர் வாங்க முதல் காரைத் தூக்கிப் பாருங்கோ

போன மாரி தொடங்க முன்னம் புதுக்குடியிருப்பிலிருந்து இரண்டு பெடியள் இரண்டு காரில் கிளிநொச்சிக்கு, என் கராஜுக்கு வந்தார்கள். ஒன்று லான்சர் சிஎஸ், மற்றது சிவிக் ஈகே. லான்சரின் முன் ரயர் இரண்டிலும் உள்விளிம்பில் கம்பி தெரிந்தது. வெளியே நின்று பார்த்தால் தவாளிப்பு பாதிக்கு மேல் மிச்சம். குனிந்து கையை உள்ளே விட்டால்தான் கம்பி விரலில் குத்தும். இந்த ரயரோடு பரந்தன் றோட்டில் எண்பதில் வந்திருக்கிறார்கள்.

இரண்டு காருக்கும் ஒரே கடையில் ஒரே மாதிரிப் பாவித்த கொயிலோவர் செற், அதாவது சொக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக வரும் உயரம் மாற்றக்கூடிய செற், வாங்கிப் பூட்டியிருந்தது. முன் ஸ்பிரிங் இரண்டிலும் 10கே, அதாவது ஒரு மில்லிமீற்றர் அமுக்கப் பத்துக் கிலோ பாரம் வேண்டும்.

“அண்ணை, ரெண்டுக்கும் கேம்பர் பிளேற் போடோணும்.”

“சிவிக்குக்கு அதை எங்கை தம்பி பூட்டுறது?”

அவனுக்குக் கோபம் வந்தது. கேட்டவிதம் எனக்கே பிறகு சரியாகப் படவில்லை. காரை லிஃப்டில் ஏற்றி அவனையே கீழே கூப்பிட்டுக் காட்டினேன். அன்று காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே பிழையோடு வவுனியாவிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் கார்கள் வந்துகொண்டே இருக்கின்றன.

லான்சருக்கு முன்னால் இருப்பது ஸ்ரட். சொக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நின்று, கீழே சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு நேராகப் போல்ற் பண்ணப்பட்டிருக்கும். அந்தத் தூணைச் சாய்த்தால் சக்கரமும் சாயும். அந்தச் சாய்வுதான் கேம்பர், சக்கரத்தின் மேற்பக்கம் உள்ளே சாய்ந்தால் நெகற்றிவ். கேம்பர் பிளேற் செய்வது அவ்வளவுதான்: தூணின் மேல் தலையை பொனற்றுக்குள்ளே உட்பக்கமாகவோ வெளிப்பக்கமாகவோ நகர்த்த இடம் கொடுக்கிறது. மேல் மவுண்டுக்கும் கீழ்க் கையின் வெளிமுனையில் இருக்கும் போல் ஜொயின்ற்றுக்கும் இடையில் 570 மி.மீ. அளவு இருந்தால், தலையை 10 மி.மீ. உள்ளே தள்ள ஏறக்குறைய 1 பாகை நெகற்றிவ் கேம்பர் கிடைக்கும். 

சிவிக் ஈகே அப்படியில்லை. அது டபிள் விஷ்போன். சக்கரத்தின் சாய்வை மேல் கையும் கீழ்க் கையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன, சொக் வெறும் ஊன்றுகோல். அதன் தலையை எங்கே நகர்த்தினாலும் கேம்பர் மாறாது. மாற்ற வேண்டுமானால் நீளம் மாற்றக்கூடிய மேல் கை வேண்டும். அதுவும் பெரும்பாலும் தேவைப்படாது, ஏனென்றால் விஷ்போன் காரைப் பதித்தாலே, அதாவது உயரத்தைக் குறைத்தாலே, கேம்பர் தானாக நெகற்றிவ் பக்கம் போகும். அந்தச் சிவிக்கில் கூடிப்போன கேம்பரைக் குறைக்கத்தான் வழி தேட வேண்டியிருந்தது.

ஸ்பிரிங் கணக்கும் இப்படித்தான். ஸ்ரட் ஸ்பிரிங் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நிற்பதால் சக்கரம் ஒரு அங்குலம் ஏற ஸ்பிரிங்கும் கிட்டத்தட்ட ஒரு அங்குலம் அமுங்கும். விஷ்போனில் சொக் கையின் நடுப்பக்கமாக நிற்பதால் ஸ்பிரிங் குறைவாகவே அமுங்கும். அந்த விகிதம் 0.7 என்று வைத்தால், அதை அதனாலேயே பெருக்க 0.49 வரும். ஆகவே 10கே ஸ்பிரிங் சிவிக்கின் சக்கரத்தில் 4.9 ஆகத்தான் வேலை செய்யும். லான்சரில் அதே ஸ்பிரிங் 9 அளவில் நிற்கும். பெட்டியில் ஒரே எண், றோட்டில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம்.

லான்சரின் முன் மூலை ஒன்றில் 300 கிலோ பாரம் இருக்கிறது என்று எடுங்கள். 9 ஆல் பிரித்தால் 33. கார் தன் பாரத்தில் நிற்கும்போது சக்கரம் 33 மி.மீ. மட்டும்தான் மேலே ஏறியிருக்கும். அதற்குமேல் பள்ளம் வந்தால் அந்தச் சக்கரத்தைக் கீழே தள்ள ஸ்பிரிங்கில் விசை மிச்சமில்லை. ஏ9 தார் றோட்டில் இது தெரியாது. ஒட்டுசுட்டான் பக்கத்தாலோ மல்லாவி உள் றோட்டாலோ கிரவலில் இறங்கினால், சக்கரம் குழிக்குள் இறங்க முதல் அந்தரத்தில் நிற்கும். அந்தரத்தில் நிற்கும் சக்கரம் பிரேக்கும் பிடிக்காது, திரும்பவும் மாட்டாது. சாதாரண கார் வினாடிக்கு 1 முதல் 1.5 தடவை ஆடும்படி ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். இந்த லான்சர் 2.7 தடவை. கட்டுக்குருந்தை மாதிரி மட்டமான தார்ப் பந்தயத் தடத்தில் ஓடுகிறவன்கூட யோசித்துத்தான் அந்த அளவுக்குப் போவான். தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் மாதிரி மண் தடத்துக்கு அது அடியோடு பொருந்தாது, மண்ணில் ஓடும் காருக்குச் சக்கரத்தின் நீண்ட மேல்கீழ் ஓட்டமும் இளகிய ஸ்பிரிங்கும்தான் வேகம் தரும். எங்கள் ஊர்க் காரின் வாழ்க்கை கட்டுக்குருந்தையைவிடத் தியத்தலாவைக்குக் கிட்ட.

“எத்தனை கிளிக்?” அதாவது சொக்கின் இறுக்கத்தை எத்தனை படியாக மாற்றலாம் என்பதுதான் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. நான் கடைசியாகக் கேட்பது அது. ஸ்பிரிங் காருக்குப் பொருந்தாவிட்டால் முப்பத்திரண்டு கிளிக்கும் அதைச் சரிப்படுத்தாது. முதலில் கேட்க வேண்டியது ஸ்பிரிங் எத்தனை கே, சொக் தண்டின் ஓட்டம் எத்தனை மில்லிமீற்றர், உயரம் எப்படி மாறுகிறது. சில செற்றில் ஸ்பிரிங் இருக்கும் கொலரைச் சுற்றித்தான் கார் இறங்கும். அங்கே இறக்க இறக்க மேல்நோக்கிய ஓட்டம் குறைந்து பம்ப் ஸ்ரொப் என்ற முட்டு றப்பரில் போய் இருக்கும். சிலதில் அடி பிராக்கற்றே மரையில் ஏறி இறங்கும், சொக்கின் ஓட்டம் அப்படியே இருக்கும். எங்கள் றோட்டுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், விலை கூட என்றாலும். இன்னொன்று: கொலரை இறுக்கி ஸ்பிரிங்கை முன்கூட்டி அமுக்கினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று நம்புகிறார்கள். ஒரே சீராகச் சுற்றிய ஸ்பிரிங்கின் கே எண் அதனால் மாறவே மாறாது.

ஸ்ரட் காரை எவ்வளவு பதிக்கலாம்? காரைத் தட்டையான தரையில் விட்டுக் கீழ்க் கையைப் பாருங்கள். உள்முனையைவிடப் போல் ஜொயின்ற் முனை மேலே போய்விட்டதென்றால் எல்லை தாண்டியாயிற்று. அதற்குப் பிறகு வளைவில் சக்கரம் மேலே ஏற ஏற நெகற்றிவ் கேம்பர் கூடுவதற்குப் பதிலாகக் குறையும், சக்கரத்தைத் திருப்பும் ரைறொட்டும் கோணம் மாறிக் குழியில் விழும்போது ஸ்ரியரிங்கைத் தானாக இழுக்கும். அந்த இழந்த கேம்பரை மீட்கத்தான் பலர் பிளேற் தேடுகிறார்கள். 20 மி.மீ. உயர்த்தினால் பாதிப் பிரச்சினை காசில்லாமல் தீரும்.

இனி அந்த ரயருக்கு வருகிறேன். நெகற்றிவ் கேம்பர்தான் உள்விளிம்பைத் தின்றது என்று பெடியள் நம்பினார்கள். மிசினில் ஏற்றிப் பார்க்கக் கேம்பர் 2 பாகைக்குக் கொஞ்சம் மேல், அது தனியே இவ்வளவு கெதியாக ரயரைத் தின்னாது. தின்றது ரோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு. காரைப் பதித்தவர்கள் ரோவைத் திரும்பச் சரிபார்க்கவில்லை. இரண்டு சக்கரமும் வெளிநோக்கிப் பார்த்துக்கொண்டு நின்றன, மொத்தம் 3 மி.மீ. சக்கரம் ஒன்றுக்கு 1.5 மி.மீ. என்றால் சின்ன எண்தான். ஆனால் 400 மி.மீ. விட்டமுள்ள றிம்மில் அது கிலோமீற்றருக்குக் கிட்டத்தட்ட நாலு மீற்றர் பக்கவாட்டில் இழுபடுவதற்குச் சமம். 100 கிலோமீற்றர் ஓடினால் 375 மீற்றர் ரயரைத் தேய்த்துக்கொண்டே போகிறீர்கள், அந்தத் தேய்ப்பு முழுவதும் சாய்ந்து நிற்கும் உள்விளிம்பின் தலையில். உயரம் மாற்றினாலும் கேம்பர் மாற்றினாலும் ரோ மாறும். ஒவ்வொரு தடவையும், ஒரு நூல் மாற்றினாலும், திரும்ப எலைன்மென்ட். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பிளேற் வாங்குகிறவர்கள் அதில் இருக்கும் உருண்டை பேரிங்கையும் யோசிக்க வேண்டும். கொம்பனி மவுண்டில் றப்பர் இருக்கும், பிளேற்றில் பெரும்பாலும் இரும்போடு இரும்பு. கிரவல் தூசி அதற்குள் போனால் ஒரு வருசத்துக்குள் டக் டக் என்று சத்தம் வரும். ஆனையிறவுப் பக்கமும் வட்டுவாகல் பாலத்தாலும் நாளாந்தம் போய்வருகிறவர்களுக்கு உப்புக் காற்றில் கொலரும் மரையும் ஒன்றாக இறுகிப்போகும். கிறீஸ் பூசுகிறார்கள், அது மண்ணைப் பிடித்து அரைக்கும் மாவாக்கிவிடும். தண்ணீராலும் பிரஷ்ஷாலும் கழுவிக் காயவிட்டு, ஒட்டாத சிலிக்கோன் தெளிப்பது போதும்.

பாவித்த செற் என்றால் தண்டில் எண்ணெய் கசிவு, குழி விழுந்த குரோம், இறுகிய கொலர், இடமும் வலமும் ஒரே வேகத்தில் திரும்பி வருகிறதா என்பவற்றைக் கையால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பூட்டுகிற தம்பிமாருக்கும் சொல்ல இருக்கிறது. மேல் நட்டை இம்பக்ற் கன்னால் இறுக்க வேண்டாம், தண்டு சேர்ந்து சுழன்று சீலைக் கெடுக்கும். மேல், கீழ்க் கைகளின் போல்ற்றுகளைக் கார் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கிவிட்டு இறக்கினால் றப்பர் புஷ் முறுகிய நிலையில் நின்று கிழியும், சக்கரத்தில் பாரம் ஏற்றிய பிறகுதான் கடைசி இறுக்கு. பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் பிடிக்கும் கிளிப் புதுச் சொக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த லான்சரில் இடப்பக்க ஹோஸ் கேபிள் ரையால் கட்டியிருந்தது, ரயர் உரசி மேல் றப்பர் போயிருந்தது. ரயரைவிட அதைக் கண்டுதான் எனக்கு நெஞ்சு பதறியது. பின் சொக்கும் ஸ்பிரிங்கும் வேறுவேறாக இருக்கும் ரொர்சன் பீம் (பின் சக்கரம் இரண்டையும் இணைக்கும் குறுக்குத் தண்டு) கார்களில், பாரம் முழுவதையும் சொக் மவுண்டில் ஏற்றும் செற்றைப் பூட்டாதீர்கள். அந்தத் தகடு அதற்குச் செய்ததல்ல.

உயரம் மாற்றினால் ஹெட்லைட்டும் மாறும். பின்பக்கம் கூடப் பதிந்தால் வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும், முன்பக்கம் கூடப் பதிந்தால் தூரத்தில் படுத்திருக்கும் மாடு தெரியாது. இரவில் மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் ஓடுகிற யாருக்கும் அதை விளக்கத் தேவையில்லை.

கடைசியில் லான்சருக்கு 5கே ஸ்பிரிங் தேடி எடுத்தோம், காரை 25 மி.மீ. உயர்த்தினோம். கேம்பர் பிளேற் இல்லை. கேம்பர் 1.3 பாகை நெகற்றிவ், ரோ பூச்சியம், புது ஹோஸ், புது ரயர். சிவிக்கில் ஸ்பிரிங்கை மாற்றவில்லை, உயரத்தை மட்டும் கூட்டினோம். 500 கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து எல்லாப் போல்ற்றையும் திரும்ப இறுக்கும்படி சொல்லியனுப்பினேன். சிவிக்காரத் தம்பி 480இல் வந்து நின்றான்.