ஏப்ரலில் டிரெய்லர் பயணமா? முதலில் உயரத்தைப் பாருங்கள்

அமெரிக்காவின் தெற்கு யூட்டாவில் டிரெய்லர், அதாவது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி, பழுதுபார்ப்பது என் தொழில். ஏப்ரல் பிறந்துவிட்டால் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு ஒரே வியாதிதான்: குளிரில் வெடித்த தண்ணீர்க் குழாய். போன வசந்தத்தில் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. முதல் நாள் ஸயான் பூங்காவில் அரைக்கைச் சட்டையோடு நடந்திருக்கிறார்கள். மறுநாள் இரவு பிரைஸ் கேன்யனில் தங்கல். இடையில் இரண்டு மணி நேர ஓட்டம்தான். காலையில் குழாயைத் திறந்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. வெயில் ஏறியதும் தண்ணீர் வந்தது, ஆனால் கட்டிலுக்கு அடியிலிருந்து.

"அண்ணா, முந்தின நாள் அப்படி வெயில் அடிச்சுதே, எப்படி உறையும்?" என்று கேட்டார் அந்தத் தம்பி.

கட்டில் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பிளாஸ்டிக் எல்போவில் (குழாய் வளையும் இடத்தில் வரும் இணைப்பு) தலைமுடி போல ஒரு கீறல். நகத்தை வைத்துத் தடவினால்தான் தட்டுப்பட்டது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். பெக்ஸ் என்ற வளையும் பிளாஸ்டிக் குழாய் அதற்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும், எல்போவும் ஃபில்டர் கூடும் கொடுக்காது. அந்தச் சின்னக் கீறலால் தரைப்பலகை முழுக்க ஊறிப் போயிருந்தது.

ஸயான் பள்ளத்தாக்கு சுமார் 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. பிரைஸின் விளிம்பு 8,000 அடிக்கும் மேலே. ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி செல்சியஸ் குறையும். காற்றில் ஈரம் இல்லாததால், சூரியன் மறைந்ததும் தரையின் சூடு சட்டென்று போய்விடும். பிரைஸில் மே மாத இரவுகூடப் பூஜ்ஜியத்துக்குக் கீழே போவது சகஜம். அதனால் தேதியை மட்டும் வைத்துப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். ஒவ்வொரு இரவும் எத்தனை அடி உயரத்தில் தூங்கப் போகிறீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லும் வரிசை எளிது. மாதம் ஏற ஏற நீங்களும் மலை ஏறுங்கள். மார்ச்சில் கலிஃபோர்னியாவின் டெத் வேலி பாலைவனம். அங்கே அப்போது பகல் வெயில் சராசரியாக 28 டிகிரிதான், மே மாதத்தில் அதுவே 38 ஆகிவிடும். ஏப்ரலில் யூட்டாவின் ஸயான், ஆர்ச்சஸ் பூங்காக்கள். மே கடைசியில் பிரைஸ், கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு. அதற்கும் மேலே உள்ள மலைப்பாதைகளுக்கு ஜூன், ஜூலை வரை பொறுக்கத்தான் வேண்டும். யோசெமிட்டியின் டியோகா சாலை 2023-இல் ஜூலை 22-ஆம் தேதிதான் திறந்தது, அந்த ஆண்டு அவ்வளவு பனி. பிள்ளைகளுக்கு ஏப்ரலில் ஒரு வாரம்தான் விடுமுறை என்றால், தயவுசெய்து கீழேயே இருங்கள். பிரைஸைப் பகலில் பார்த்துவிட்டு இறங்கி வந்து தூங்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

சரி, மேலேதான் தங்கியாக வேண்டுமா? இருட்டுவதற்குள் வெளிக் குழாயிலிருந்து டிரெய்லருக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஹோஸைக் கழற்றி வடித்துவிட்டு, டிரெய்லரின் சொந்தத் தொட்டித் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். வெளிப்புற ஷவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், அதையும் வடித்துவிடுங்கள். டிரெய்லரோடு வரும் புரொப்பேன் ஃபர்னஸ் (எரிவாயுவில் ஓடும் சூடேற்றி) ஓடட்டும். சத்தமாக இருக்கிறது என்று அதை அணைத்துவிட்டு மின்சார ஹீட்டர் வைப்பவர்கள் நிறையப் பேர். உள்ளே கதகதப்பாகத்தான் இருக்கும். ஆனால் பல டிரெய்லர்களில் தரைக்கு அடியில் உள்ள குழாய்களுக்கு ஃபர்னஸின் சூடுதான் போகிறது, ஹீட்டரின் சூடு அங்கே எட்டாது. இன்னொன்று, ஃபர்னஸின் விசிறி பேட்டரியில் ஓடுவது. பிரைஸ் பூங்காவின் சொந்த கேம்ப்கிரவுண்டுகளில் மின் இணைப்பு கிடையாது. பழைய பேட்டரி விடியற்காலையில், குளிர் உச்சத்தில் இருக்கும்போது கைவிடும். அப்போது சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர் காயவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். எச்சரிக்கைக் கருவியின் பட்டனை அழுத்திச் சோதித்துவிட்டுப் படுங்கள்.

பாலைவனத்தில் கவலை வேறு. டயரின் காற்றழுத்தத்தைக் காலையில், வண்டி நகரும் முன் பாருங்கள். சூட்டில் அழுத்தம் ஏறியிருக்கிறதே என்று நடுவழியில் காற்றைத் திறந்துவிடாதீர்கள், குறைந்த காற்றோடு ஓடும் டயர்தான் சூடேறி வெடிக்கும். டயரின் பக்கவாட்டில் 'டாட்' (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டிரெய்லர் டயர் மேலே தேயாமல் நன்றாக இருந்தாலும் வயதாகியே கெட்டுப்போகும். ஆறு வயதைத் தாண்டியதை நான் நம்ப மாட்டேன். வசந்தத்தில் மதியத்துக்கு மேல் காற்றும் பலமாக வீசும். ஓட்டத்தைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், டிரெய்லரின் பக்கவாட்டில் விரிக்கும் துணிப் பந்தலை விரித்துவிட்டு நடக்கப் போகாதீர்கள்.

அப்புறம் வழி. ஸயானிலிருந்து கிழக்கே போகும் சுரங்கப்பாதை 1930-இல் அந்தக் காலத்துக் கார்களுக்காகத் திறந்தது. பெரிய வண்டிகளுக்கு அங்கே அளவுக் கட்டுப்பாடு உண்டு, அகலத்தையும் உயரத்தையும் டேப் வைத்து அளந்து பூங்காவின் விதியோடு ஒப்பிடுங்கள். மொன்டானாவில் உள்ள கிளேசியர் பூங்காவின் கோயிங் டு த சன் சாலையில் மலைமேல் பகுதிக்கு 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகள் போக முடியாது. இழுக்கும் காரும் டிரெய்லரும் சேர்த்து அந்த நீளம்.

குளிர்காலம் முழுக்க நின்ற வண்டி என்றால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு வீட்டு வாசலிலேயே தொட்டியை நிரப்பி பம்ப்பைப் போடுங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு ஒரு மணி நேரம் காது கொடுத்துக் கேளுங்கள். யாரும் தண்ணீர் திறக்காமலே பம்ப் அடிக்கடி ஓடி ஓடி நின்றால் எங்கோ கசிகிறது. பம்ப், டாய்லெட் வால்வு, ஃபில்டர் கூடு, இந்த மூன்று இடத்தையும் காய்ந்த டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள்.